சிஸ்டரம்மா ஓய்வெடுக்கப் போன கதை

சிஸ்டரம்மா பெரிய துண்டு ஒன்றை நீளவாக்கில் மூன்றாக மடித்து, இறுக்கிச் சுருட்டி, குளியலறை வாசற்படிக்கு அணை கட்டிக்கொண்டிருந்தாள். விடுதியைக் கட்டியவர்கள் வாட்டம் பார்க்காமல் தரை போட்டிருந்தார்கள். குளித்த தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் அறைக்குள் வந்து, பளபளப்பான ஓடுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. கடல் தெரியும் அறை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கடல் அறைக்குள்ளேயே வரும் என்று சொல்லவில்லை.

துண்டின் முனையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தபோது மகன் பின்னால் வந்து நின்றான்.

"அம்மா, உன்னை யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னா? எழுந்து வந்து உட்காரு."

உட்காரு. வந்த முதல் நாள் இந்தச் சொல்லை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்தொன்று ஆனதும் விட்டுவிட்டாள். இன்று மூன்றாவது நாள். டம்ளரைக் கழுவினால் பிடுங்கிக்கொள்கிறார்கள். போர்வையை மடித்தால் மருமகள் ஓடி வந்து மறு முனையைப் பிடித்துக் கோணலாக மடிக்கிறாள். சிஸ்டரம்மா அதைப் பிறகு பிரித்து மறுபடி மடிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் அவர்கள் பார்க்காதபோது. ஓய்வு என்பது இவ்வளவு வேலை வாங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் பட்டம் வாங்கிய நர்ஸ் இல்லை. பத்தொன்பது வயதில் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் ஆயாவாகச் சேர்ந்தவள். கட்டில் துடைப்பதில் தொடங்கி, ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, புது ஆயாக்களைப் பழக்கும் பொறுப்புக்கு வந்து, பின்னால் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டாள். மொத்தம் நாற்பத்து நான்கு வருடம். நோயாளிகள் சிஸ்டர் என்றார்கள். தெருக்காரர்கள் அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். மகனுக்கு நாலு வயதாக இருக்கும்போது கணவன் போய்ச் சேர்ந்தான். இரவு வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் வேலை நிச்சயம் என்று இரவு வேலைக்கே போனாள். பையன் பக்கத்து வீட்டுப் பாயில் தூங்கி வளர்ந்து, படித்து, இப்போது லிஃப்ட் பரிசோதகனாக இருக்கிறான். உயரமான கட்டடங்களுக்குப் போய், எது எப்போது அறுந்து விழும் என்று பார்ப்பது அவன் தொழில். அம்மா குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அந்த இரண்டு அறை வீட்டைப் பார்க்க வரும்போதெல்லாம் அவன் படிக்கட்டுக் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்ப்பான்.

மூன்று மாதத்துக்கு முன் அந்த வீட்டின் குளியலறையில்தான் அவள் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்புக் கீறல். கட்டுப் போட்ட கையோடு மூன்று வாரம் மகன் வீட்டில் இருந்துவிட்டு, கட்டைப் பிரித்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு மகனும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது அதிகமாயிற்று. பிறகு திடீரென்று, ஐந்து நாள் லீவு போட்டிருக்கிறேன், மூன்று பேரும் கடற்கரை ஊருக்குப் போகலாம் என்றான்.

அவள் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அவன் காட்டிய படத்தில் இருந்த கலங்கரை விளக்கம். துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறை. அதன் மேல் வெள்ளையும் சிவப்புமாகக் கோபுரம். காலையில் படகு போகும். உள்ளே தொண்ணூற்றிரண்டு படிகள். இதுவரை அவள் ஏறிய படிகளெல்லாம் யாருடைய வீட்டுக்கோ வேலைக்குப் போகவோ, வேலை முடிந்து வீடு திரும்பவோ ஏறியவை. சும்மா ஏறிப் பார்ப்பதற்கென்று ஒரு படிக்கட்டு இருந்தால் அதில் ஏற வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அதற்குத்தான் விடவில்லை. முதல் நாள் அலை ஜாஸ்தி என்றான். இரண்டாம் நாள் வெயில் என்றான். அன்று சுற்றுலாக் கூடத்தில் சக்கர நாற்காலி ஒன்றை வேறு வாடகைக்கு எடுத்துவிட்டான். அவளோ மூன்று பேருடைய பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் மருமகளின் தொப்பியையும் அதில் ஏற்றி, துறைமுகச் சாலை முழுக்கத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

இன்று காலையும் அதே சாலை. ஒரு பக்கம் சிப்பி மாலைக் கடைகள்; மறு பக்கம் நீலமும் மஞ்சளுமாகப் படகுகள், ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு. ஐஸ் தொழிற்சாலையிலிருந்து உடைத்த ஐஸ் சரிவில் இறங்கும் சத்தம். கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள் சிலர். பார்க்க அழகான ஊர்தான். நின்று பார்க்கத்தான் முடியவில்லை. மகன் அவள் மேல்கையைப் பிடித்துத் தூக்கின மாதிரியே நடத்திக்கொண்டு போனான். நடப்பவரை அப்படிப் பிடித்தால் தடுமாறாதவரும் தடுமாறுவார். முழங்கையை லேசாகத் தாங்கி, அரையடி பின்னால் வர வேண்டும். இதை அவள் எத்தனையோ புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பெற்ற பிள்ளைக்குச் சொன்னால், "சரி சரி, பாத்து நட" என்கிறான்.

படகுத் துறையில் சீட்டுக் கொடுப்பவரிடம் அவளே கேட்டாள். முதல் படகு ஏழு மணிக்கு, அந்த நேரத்தில் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருக்கும், கைக்குழந்தைகளோடு கூடப் போகிறார்கள் என்றார் அவர். மகன் கடலைப் பார்த்தான், படகின் கயிற்றைப் பார்த்தான், கயிறு கட்டியிருந்த கொக்கியைப் பார்த்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேட்டின் மேல் ஒரு இடம் இருக்கிறது, அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும், வா என்று கூட்டிப் போனார்கள். வெள்ளைக் கட்டடம், சுவரெல்லாம் காகிதப்பூக் கொடி. வாசற்பலகையைப் படிப்பதற்கு முன்பே சிஸ்டரம்மாவுக்கு மூக்கு சொல்லிவிட்டது, முதியோர் இல்லம் என்று. ஃபினாயில், குழைய வெந்த சோறு, முதுகில் போடும் பவுடர். கைப்பிடிக் கம்பி பதித்த நடைவழி, வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் பெயர்ச்சீட்டு. துறைமுகம் தெரிந்தது உண்மைதான். ஒவ்வொரு ஜன்னலிலும் தெரிந்தது.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் காகிதப்பூவைப் பார்த்தான்.

பொறுப்பு நர்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப்பையில் நாலு பேனா, தேய்ந்த செருப்பு. செருப்பைப் பார்த்ததும் சிஸ்டரம்மாவுக்கு அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறவளுக்குச் செருப்பு தேயாது. மேஜையின் அந்தப் பக்கம் ஒரு படிவம் விரித்திருந்தது. டாக்டர்களின் கைக்கு மேலாக நோயாளியின் தாள்களைத் தலைகீழாகப் படித்தே பழகியவள் சிஸ்டரம்மா. நர்ஸ் நலம் விசாரித்து முடிப்பதற்குள் முக்கால் பக்கத்தைப் படித்துவிட்டாள். மகனின் கையெழுத்து.

விழும் அபாயம்: அதிகம். இரவில் எழுந்து நடமாட்டம்: உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. பொருள்களை இடம் மாற்றி வைத்தல்: உண்டு. மனக்குழப்பம்: இருப்பதாகத் தெரிகிறது. சேரும் தேதி: வரும் ஒன்றாம் தேதி.

"என் வீடு?" என்று கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை.

மகன் தொண்டையைக் கனைத்தான். மருமகளுக்குப் பொய் சொல்ல வராது. அவளிடம் மாமியாருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"மாசக் கடைசியில காலி பண்றதா வீட்டு ஓனர்கிட்ட இவர் சொல்லியிருக்கார், அத்தை."

சிஸ்டரம்மா சத்தம் போடவில்லை. நோயாளி அறையில் சத்தம் போடக் கூடாது என்பது அவள் தொண்டையிலேயே ஊறிய பழக்கம். குழப்பம் என்று எதை வைத்து எழுதினாய் என்று மட்டும் கேட்டாள். மகன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அவன் வீட்டில் இருந்த மூன்று வாரமும் அவள் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் எழுந்து வந்து அவர்கள் படுக்கையறை வாசலில் நின்றாளாம். நடைவழியில் கிடந்த செருப்புகளையெல்லாம் சுவரோரம் தள்ளினாளாம். அதற்கெல்லாம் மேல், ஒரு நோட்டுப் புத்தகம். மருமகள் தலையணை உறை மாற்றும்போது அகப்பட்டது. '2.00: மகன் இடப்பக்கம் படுத்திருக்கிறான், குறட்டை. மருமகள் நல்ல தூக்கம். 4.00: மருமகள் எழுந்து தண்ணீர் குடித்தாள், அரை டம்ளர்.' அதுவரைக்கும் ஒவ்வொரு இரவுக்கும் இப்படியே எழுதியிருந்தது. அதைப் படித்த அன்றிலிருந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் தூங்கியதாக மருமகள் ஒப்புக்கொண்டாள்.

சிஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, வலது கையால், ஒரு தடவை.

"டேய், படுத்தே கிடக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும்டா. இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும். நாப்பத்து நாலு வருஷம் அப்படி எழுந்தவ நான். ரிட்டயர் ஆன அன்னிக்கு உடம்புக்கு லெட்டர் போட்டா சொல்ல முடியும்?"

பொறுப்பு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். தானும் லீவில் போனால் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வதாகவும், பக்கத்தில் படுத்திருக்கும் கணவனை இரண்டு முறை தூக்கத்தில் புரட்டிப் போட்டிருப்பதாகவும் சொன்னாள். அந்த மனிதர் பாவம், வேறு ஏதோ நினைத்துக்கொண்டாராம்.

இருந்தாலும் விதி விதிதான் என்று சோதனையை ஆரம்பித்தாள். சாவி, வாழைப்பழம், கப்பல் என்று மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பதாகச் சொன்னாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னாள், எழுந்தாள். கோட்டின் மேல் நடக்கச் சொன்னாள், நடந்தாள். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைப்பது, எல்லாம் ஆயிற்று. கேட்பதற்கு முன்பே சாவி, வாழைப்பழம், கப்பல் என்று ஒப்பித்துவிட்டு, "இவனைக் கேளு" என்று மகனைக் காட்டினாள்.

"சாவி" என்றான் அவன். "அப்புறம்... பழம். ஏதோ ஒரு பழம்."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வெற்றி கையில் விழுந்துவிட்டது என்று சிஸ்டரம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். மகன் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியை எடுத்து, ஒரு படத்தைப் பெரிதாக்கி, மேஜை மேல் வைத்தான். அதே நோட்டுப் புத்தகத்தின் இன்னொரு பக்கம். முந்தைய தேதி, அவள் தனியாக இருந்தபோது எழுதியது.

'காலை 6.10. குளியலறை. வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு. 7.45. கதவைப் பிடித்து எழுந்தேன்.'

"நீ எனக்குப் போன் பண்ணது மறுநாள் சாயந்தரம்மா. லேசா கை சுளுக்கிடுச்சுன்னு சொன்னே." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒன்றரை மணி நேரம் தரையில கிடந்திருக்கே. உனக்கு எழுதத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லத் தெரியலை."

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் ராத்திரியெல்லாம் உயரமான கட்டடங்களைப் பற்றிக் கனவு காண்கிறவன் இல்லை. இத்தனை நாளும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் கனவில் கண்டிருக்கிறான்.

பொறுப்பு நர்ஸ் பேனாவின் மூடியைப் போட்டாள். "ஒண்ணு கேக்கறேன், சிஸ்டர். உங்க வார்டுல ஒரு பேஷண்ட் விழுந்து, அந்த ஆயா மறுநாள் சாயந்தரம் வந்து சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

சிஸ்டரம்மா நடைவழிக் கம்பியைப் பார்த்தாள். யாரோ ஒரு முதியவர் அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண், முழங்கையைத் தாங்கி, அரையடி தள்ளி. சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

"அந்த ஆயாவை வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றாள். "அந்த நிமிஷமே."

விழுந்தால் அந்த ஷிஃப்டிலேயே எழுத வேண்டும், அந்த ஷிஃப்டிலேயே சொல்ல வேண்டும். யார் விழுந்தாலும். அவள் அத்தனை வருடமும் ஒருத்தியையும் விட்டுவைக்காத விதி அது. தனக்கு வந்தபோது தனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டபின் வாதாடுவது அவள் வழக்கம் இல்லை. உட்கார்ந்தாள்; இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

பிறகு பேரம் நடந்தது, நோயாளியைப் பற்றி இரண்டு ஷிஃப்ட்காரர்கள் பேசிக்கொள்வது மாதிரி. தினமும் காலை ஏழுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் போனில் நிலவரம் சொல்லி ட்யூட்டி ஒப்படைப்பதாக அவள் சொன்னாள். விழுந்தால், தடுக்கினால், தலை சுற்றினால், மூச்சு வாங்கினால், மணி பார்க்காமல் அப்போதே. குளியலறையில் கம்பி பதிப்பது அவன் வேலை. ஒரு மாதம் பார்ப்போம் என்றான் மகன். மறைத்தது தெரிந்தால் அடுத்த பேச்சே கிடையாது, நேராக இங்கேதான் என்றான். சரி என்றாள். அவன் நடைவழிக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தான். ஒரு மாதம் மட்டும் தள்ளிப் போடுங்கள் என்று சொன்னது உள்ளே கேட்டது. மட்டும் என்ற சொல்லை அவள் குறித்துக்கொண்டாள்.

படிவத்தைக் கிழித்துப் போடச் சொல்லி மருமகள் கேட்டாள். நர்ஸ் மறுத்துவிட்டாள். ஒரு மாதம் மேஜை இழுப்பறையில் இருக்கட்டும் என்றாள். அவள் இடத்தில் இருந்திருந்தால் தானும் அதையேதான் செய்திருக்கக்கூடும் என்று சிஸ்டரம்மாவுக்குப் பட்டது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

மறுநாள் அவள் எழுந்தபோது ஐந்தே முக்கால். தன் அறைக் கதவைத் திறந்தாள். வெளியே பிரம்பு நாற்காலியில் மகன், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து. மடியில் ஒரு விடுதிச் சீட்டு. அதில் அவன் கிறுக்கல்: '12.00 அம்மா தூக்கம். 2.00 அம்மா எழுந்து ஜன்னல் சாத்தினாள். 4.00' என்பதோடு பேனா இழுத்துக்கொண்டு போயிருந்தது. நாலு மணிக்கு அவள் எழுந்தது அவனுக்குத் தெரியாது. முதல் நாள் ட்யூட்டிக்காரர்கள் எல்லாரும் நாலு மணிக்குத்தான் தூங்கிப் போவார்கள்.

அவன் கழுத்துக்குத் தலையணை வைத்தாள். வழியில் கிடந்த அவன் செருப்பைச் சுவரோரம் தள்ளினாள். தன் நோட்டில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்து அவன் மடியில் வைத்தாள்: 'ஏழு மணிப் படகு. கலங்கரை விளக்கம். பத்தரைக்குத் திரும்புவேன். போன் கையில் இருக்கிறது. நேற்று இரவு ஒன்றும் விசேஷம் இல்லை. நீ கட்டிலில் போய்ப் படு.'

படகுத் துறையில் சீட்டுக்காரர் துணைக்கு யாரும் வரவில்லையா என்று கேட்டார். நைட் ட்யூட்டி பார்த்த அசதியில் தூங்குகிறார்கள் என்றாள். கடல் அவர் சொன்ன மாதிரியே அசையாமல் கிடந்தது. பாறையில் இறங்கும்போது படகுக்காரர் கை நீட்டினார். அவள் அவர் கையைப் பிடிக்காமல் முழங்கையைப் பிடித்து இறங்கினாள்.

உள்ளே குறுகலான சுழல் படிகள். எண்ணிக்கொண்டே ஏறினாள். இருபது வரை ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தைந்தில் தொடை கனத்தது. நாற்பதாவது படியில் மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். விரலை மணிக்கட்டில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. ஐந்து நிமிடம் கழித்துத் தொண்ணூறு. நெஞ்சு வலி இல்லை, தலை சுற்றல் இல்லை. எத்தனையோ வருடம் லிஃப்ட் இல்லாத வீடுகளுக்கு ஏறின கால்தான். ஆனாலும் அறுபத்தாறு வயது.

சுற்றிலும் ஒருவரும் இல்லை. கூட வந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்தது எதிரில் இருந்த சின்ன ஜன்னல் மட்டும். அதன் வழியே துறைமுகம் முழுசாகத் தெரிந்தது. மேட்டின் மேல் அந்த வெள்ளைக் கட்டடமும் தெரிந்தது. அங்கே மேஜை இழுப்பறையில் இருக்கும் படிவத்தில் 'மூச்சு வாங்குதல்' என்று ஒரு கட்டம் இருந்ததும், அது ஒன்றைத்தான் மகன் காலியாக விட்டிருந்ததும் அவளுக்கு நினைவு வந்தது.

தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். படகு, அலை, தனியாகப் போனது என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏழு அம்பதுக்கு நாப்பதாவது படியில மூச்சு வாங்குச்சு. உட்கார்ந்துட்டேன். நாடி நூத்திப் பன்னெண்டு, அஞ்சு நிமிஷத்துல தொண்ணூறு. இப்ப சரியாயிடுச்சு. எழுதிக்கோ."

வந்தது வரட்டும் என்று அவள் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இரும்மா" என்றான் அவன். "பேனா எடுத்துட்டு வரேன்."

இழுப்பறைகளைத் திறந்து மூடுவது கேட்டது. மருமகளை எழுப்பிப் பேனா எங்கே என்று கேட்பது கேட்டது. நாற்காலிக்கு அடியில்தான் விழுந்து கிடக்கிறது, காலையிலேயே அவள் பார்த்திருந்தாள். சொன்னாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னாள். நாடியைத் தப்பாக எழுதியிருந்தான், திருத்தினாள். மீதி எத்தனை படி என்று அவன் கேட்டான். ஐம்பத்திரண்டு என்றாள். பத்துக்கு ஒரு முறை நிற்கச் சொன்னான்.

தானும் அதைத்தான் செய்ய நினைத்திருந்ததை அவனிடம் சொல்லாமல், போனை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்பத்தொன்றாவது படியில் கால் வைத்தாள்.